ஊர் ஒன்று, சாலை ஒன்பது, கூட்டம் பல லட்சம்: திருவண்ணாமலை ட்ராஃபிக் ஏன் தீரவே மாட்டேங்குது?

பௌர்ணமி நெருங்கினாலே வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரே கேள்விதான். "கார்ல போலாமா, பஸ்ஸா, இல்ல ட்ரெயினா?" கிரிவலம் 14 கிலோமீட்டர். அதை நடந்து முடித்துவிடலாம். ஊருக்குள் நுழைவதும், நடந்து முடித்தபின் ஊரைவிட்டு வெளியே வருவதும்தான் பலருக்குப் பெரிய சோதனை.

கூடுதல் பஸ், கூடுதல் போலீஸ், கூடுதல் பார்க்கிங் என்று ஒவ்வொரு ஆண்டும் அறிவிப்புகள் வருகின்றன. ஆனாலும் நெரிசல் குறைந்தபாடில்லை. ஏன்? கொஞ்சம் மேப், கொஞ்சம் கணக்கு வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

முதலில், ஊரின் சைஸ் என்ன?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை நகராட்சியில் வசித்தவர்கள் சுமார் 1.45 லட்சம் பேர். அதன் பிறகு ஊர் நிறையவே வளர்ந்துவிட்டது. சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்த்து 2024-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. புதுக்கோட்டை, நாமக்கல், காரைக்குடி ஆகியவையும் அதே சமயத்தில் மாநகராட்சி ஆனவைதான்.

ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு மக்கள்தொகை இருக்கிறது. அது மாதம் ஒருமுறை வந்து ஒரே இரவில் திரும்பிப் போகும். சாதாரண பௌர்ணமிக்கே லட்சக்கணக்கில் வருகிறார்கள். சித்ரா பௌர்ணமிக்கு அது இன்னும் பெருகும். கார்த்திகை தீபத்தன்று, 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றும் நாளில், அதிகாரிகள் சொல்லும் மதிப்பீடு 30 லட்சத்தைச் சுற்றி வருகிறது. அதாவது ஊரில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் பத்து, இருபது விருந்தாளிகள்.

கொரோனா காலத்தில், 2020 மார்ச் முதல் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கிரிவலத்துக்குத் தடை இருந்தது. தடை விலகிய பிறகு கூட்டம் பழைய அளவோடு நிற்கவில்லை. ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகாவிலிருந்து வருபவர்கள் வெகுவாகக் கூடிவிட்டார்கள். முன்பு பௌர்ணமி மட்டும்தான் பிஸி. இப்போது சனி, ஞாயிறு, தொடர் விடுமுறை என எல்லா நாளும் மாட வீதிகள் நிரம்பி வழிகின்றன.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. குடிநீர், கழிப்பறை, சாலை, துப்புரவு என எதற்குத் திட்டமிட்டாலும் உள்ளாட்சிகள் எடுக்கும் அடிப்படைக் கணக்கு, அங்கே வசிப்பவர்களின் எண்ணிக்கை. அரசு நிதிப் பகிர்விலும் மக்கள்தொகைக்கே பெரிய இடம். வந்து போகிறவர்கள் அந்தக் கணக்கில் சரியாக விழுவதில்லை. குப்பை மட்டும் விழுகிறது.

மேப்பைத் திறந்து பாருங்கள்

கூகுள் மேப்பில் திருவண்ணாமலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். ஊரின் மேற்குப் பக்கம் முழுக்க மலை. அதனால் ஊர் கிழக்கு நோக்கி மட்டுமே விரிந்தது. மலையின் கிழக்கு அடிவாரத்தில் கோயில், கோயிலைச் சுற்றி மாட வீதிகள், அதற்கு வெளியே கடைத்தெரு, பேருந்து நிலையம், ரயில் நிலையம்.

இந்த ஒரு பக்கத்துக்குத்தான் எல்லாச் சாலைகளும் வந்து சேர்கின்றன. வேலூர் சாலை, அவலூர்பேட்டை சாலை, திண்டிவனம் சாலை, வேட்டவலம் சாலை, திருக்கோவிலூர் சாலை, மணலூர்பேட்டை சாலை, தண்டராம்பட்டு சாலை, செங்கம் சாலை, காஞ்சி சாலை. மொத்தம் ஒன்பது. இவற்றில் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள். வேலூரிலிருந்து விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடி போகும் என்.எச் 38 ஒன்று. திண்டிவனத்தையும் கிருஷ்ணகிரியையும் இணைக்கும் என்.எச் 77 இன்னொன்று.

சைக்கிள் சக்கரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆரக்கால்கள் எல்லாம் நடுவில் உள்ள குடத்தில் வந்து சேரும். இங்கே அந்தக் குடமே கோயில் பகுதி. புதுச்சேரியிலிருந்து பெங்களூரு போகிறவருக்குத் திருவண்ணாமலையில் எந்த வேலையும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அவர் இந்த ஊரைத் தொட்டுத்தான் போக வேண்டும். புறவழிச்சாலைகள் இந்தச் சுமையைக் கொஞ்சம் குறைத்திருக்கின்றன. ஆனா கோயிலுக்கே வருகிறவரை எந்தப் புறவழிச்சாலையும் திருப்பிவிட முடியாது.

நடக்கிற பாதையா, நெடுஞ்சாலையா?

வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் இது. கிரிவலப் பாதை என்பது நடப்பவர்களுக்காகத் தனியாகப் போட்ட பாதை இல்லை. ரமணாசிரமம் இருக்கும் தெற்குப் பக்கத்தில் கிரிவலம் போவது செங்கம் சாலையில். அதுதான் பெங்களூரு பக்கம் போகும் நெடுஞ்சாலையும்கூட. மேற்கே அடி அண்ணாமலை வழியாகச் சுற்றி வந்து, வடக்கே காஞ்சி சாலையைத் தொட்டு, மறுபடி ஊருக்குள் நுழைகிறது பாதை.

இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள், ஆசிரமங்கள், அன்னதானக் கூடங்கள் எல்லாம் இந்தப் பாதையில்தான். லாரி, ஆட்டோ, டூ வீலர், ஊராட்சி மக்களின் அன்றாடப் போக்குவரத்து எல்லாமும் இதே பாதையில்தான். பௌர்ணமி இரவில் வாகனங்களைத் திருப்பிவிடுகிறார்கள். மற்ற நாட்களில் செருப்பில்லாமல் நடப்பவரும் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் காரும் ஒரே தார்ச்சாலையைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். வார இறுதி இரவுகளில் நடப்பவர்கள் கூடக் கூட இந்த உரசலும் கூடுகிறது.

சரி, ரோட்டை அகலப்படுத்தினா போதாதா?

அந்த முயற்சியும் நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் கிரிவலப் பாதையை அகலப்படுத்தும் பணியில் சாலையோர மரங்கள் வெட்டப்பட்டபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. வெயில் காலத்தில் வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் நடப்பவருக்கு மர நிழல் ஒரு வசதிப்பொருள் இல்லை, அத்தியாவசியம். இரண்டு லேன் கூடுதலாகக் கிடைத்து நிழல் போனால், நடப்பவருக்கு அதில் லாபம் எதுவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. சாலை அகலமானால் "கார்லயே போயிடலாம்" என்று நினைப்பவர்கள் கூடுவார்கள். கொஞ்ச நாளில் அந்த அகலமும் நிரம்பிவிடும். உலகம் முழுக்கப் போக்குவரத்துத் திட்டமிடல் படிப்பவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித்தரும் பாடம் இது. சென்னையில் மேம்பாலம் இறங்கும் இடத்தில் சிக்னலில் நின்ற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு சிம்பிள் கணக்கு

ஒரு பேச்சுக்கு, ஒரு பௌர்ணமி இரவில் 3 லட்சம் பேர் ஆறு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் ஒன்பது சாலைகளிலும் சமமாகப் பிரிந்து போகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம்.

எல்லோரும் காரில் வந்திருந்தால்: ஒரு காருக்கு 5 பேர். மொத்தம் 60,000 கார். ஒவ்வொரு சாலையிலும் மூன்று நொடிக்கு ஒரு கார், ஆறு மணி நேரமும் நிற்காமல் போக வேண்டும். வழியில் ஒரு வண்டி ரிப்பேர் ஆனால், ஒருவர் டீ குடிக்க ஓரங்கட்டினால், கதை முடிந்தது.

எல்லோரும் பஸ்ஸில் வந்திருந்தால்: ஒரு பஸ்ஸுக்கு 50 பேர். மொத்தம் 6,000 நடை. ஒவ்வொரு சாலையிலும் ஏறக்குறைய அரை நிமிடத்துக்கு ஒரு பஸ். கஷ்டம்தான். ஆனால் முடியாத காரியமில்லை.

பார்க்கிங் கணக்கு இதைவிட மோசம். ஒரு காரை நிறுத்தவும், உள்ளே வந்து திரும்பவும் சேர்த்து சுமார் 25 சதுர மீட்டர் இடம் வேண்டும். 60,000 காருக்கு 150 ஹெக்டேர். அண்ணாமலையார் கோயில் வளாகமே சுமார் 10 ஹெக்டேர்தான். கார் நிறுத்த மட்டும் பதினைந்து கோயில் அளவுக்கு நிலம் தேவைப்படும்.

நிஜத்தில் பஸ், கார், வேன், ரயில் எல்லாம் கலந்துதான் வருகின்றன. ஒன்பது சாலைகளுக்கும் கூட்டம் சமமாகவும் பிரியாது. சென்னை, பெங்களூரு, வேலூர்ப் பக்கச் சாலைகளில்தான் அதிகம் குவியும். ஆனாலும் கணக்கு சொல்லும் செய்தி மாறாது. 2006-இல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையின் சாரமும் இதுவே. எத்தனை வண்டி போச்சு என்று எண்ணாமல், எத்தனை ஆள் போனார்கள் என்று எண்ண வேண்டும்.

இப்போ என்ன செய்யறாங்க?

தீபத்துக்கும் பெரிய பௌர்ணமிகளுக்கும் நிர்வாகம் கையாளும் முறை ஓரளவு இந்தக் கணக்கை ஒட்டியதுதான். வெளியூர்ப் பேருந்துகள் ஊருக்குள் வராமல், ஒன்பது சாலைகளிலும் ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கிறார்கள். கார்களுக்கும் ஊருக்கு வெளியேதான் பார்க்கிங். அங்கிருந்து கிரிவலப் பாதைக்கு இணைப்புப் பேருந்துகள் ஓடுகின்றன. ஆட்டோ கட்டணத்தையும் மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்து அறிவிக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்துகள் விடுகிறது. சென்னையில் கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகவும், மாதவரத்திலிருந்தும் பேருந்துகள் கிளம்புகின்றன.

ஐடியா சரி. பெயரிலேயே இருக்கும் 'தற்காலிகம்' என்ற சொல்தான் இதன் பலவீனம். மைதானத்தில் கொம்பு நட்டு, ட்யூப் லைட் கட்டி, மூன்றாம் நாள் பிரித்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து. மழை பெய்தால் சேறு. நள்ளிரவில் கால் வலியோடு வரும் ஒருவருக்கு, தன் ஊர் பஸ் இந்த ஒன்பதில் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதே தனி கிரிவலம். இதில் வயதானவர்களும் கைக்குழந்தையோடு வருகிறவர்களும்தான் அதிகம் அல்லாடுகிறார்கள்.

ஊருக்குள் இருக்கும் மத்திய பேருந்து நிலையத்தின் சுமையைக் குறைக்க, திண்டிவனம் சாலையில் புதிய பேருந்து நிலையத் திட்டம் வந்தது. ரயில் நிலையமும் அந்தப் பக்கம்தான் என்பதால், இரண்டையும் சேர்த்து யோசிக்க நல்ல வாய்ப்பு இது. ரயிலில் இறங்குபவர் மூட்டை முடிச்சோடு ஆட்டோ பேரம் பேசாமல், நிழலான நடைபாதையில் நடந்தே பஸ் ஏற முடிந்தால் பாதிப் பிரச்னை அங்கேயே தீரும். அந்தக் கடைசி சில நூறு மீட்டரை மறந்துவிட்டால், கட்டடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் புதிய நெரிசல் புள்ளி ஒன்று உருவானதுதான் மிச்சம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டபோது பக்கத்தில் ரயில் நிறுத்தம் தயாராக இல்லாமல் பயணிகள் பட்ட பாடு நினைவிருக்கும்.

ரயில் ஏன் கைகொடுக்கவில்லை?

திருவண்ணாமலைக்கு ரயில் இல்லாமல் இல்லை. விழுப்புரம் – காட்பாடி பாதையில் இருக்கிறது ஊர். ஒரு காலத்தில் மீட்டர் கேஜ். பிறகு அகலப்பாதை ஆனது. ஆனால் இன்றும் ஒற்றை வழிப்பாதை. எதிரே ஒரு ரயில் வந்தால் இன்னொன்று ஸ்டேஷனில் காத்திருக்க வேண்டும். கூட்டம் கூடியதும் நினைத்த மாத்திரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் விட இதில் வழியில்லை.

2024 மே மாதம் ஒரு நல்லது நடந்தது. சென்னை கடற்கரை – வேலூர் கண்டோன்மென்ட் மெமு ரயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. 50 ரூபாய் டிக்கெட் என்பதால் செய்தி வைரல் ஆனது. ஆனா நேரத்தைக் கவனித்தால் ஒரு சிக்கல். அறிவித்தபோது சொன்ன அட்டவணைப்படி நள்ளிரவை ஒட்டி வந்து சேர்ந்து, அதிகாலை 4 மணிக்குத் திரும்பிவிடும். நடுவில் கிடைப்பது சுமார் நான்கு மணி நேரம். 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்கு நிதானமாக நடப்பவருக்கு நான்கைந்து மணி நேரம் வேண்டும். ஸ்டேஷனிலிருந்து போய்வரும் தூரம் தனி. வேகமாக நடக்கிற இளவட்டம் பிடித்துவிடலாம். பாட்டிக்கு அந்த ரயில் கிடைக்காது.

பௌர்ணமிகளில் விழுப்புரத்திலிருந்து முன்பதிவில்லாத சிறப்பு ரயில்களும் விடப்படுகின்றன. ஒரு மெமு ரயிலில் 2,000 பேர் ஏறினால் அது 40 பஸ்ஸுக்குச் சமம். சாலையில் ஒரு அங்குல இடம்கூடத் தேவையில்லை. அதனால் கூட்ட நாட்களில் ரயில்தான் பெரிய ஆயுதம். ஆனால் அதைக் கூர்தீட்டுவது மெதுவாக நடக்கிறது.

திண்டிவனம் – திருவண்ணாமலை புதிய பாதை அதற்கு நல்ல உதாரணம். சுமார் 70 கிலோமீட்டர், செஞ்சி வழி. 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் ஒப்புதல் கிடைத்த திட்டம் இது. அந்த ஆண்டு பிறந்த குழந்தை இப்போது கல்லூரி போகிற வயது. நிலம் கையகப்படுத்தல், நிதி ஒதுக்கீடு என்று ஆண்டுகள் ஓடுகின்றன. இந்தப் பாதை வந்தால் காட்பாடியையோ விழுப்புரத்தையோ சுற்றாமல் சென்னையிலிருந்து நேராக வரலாம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த செஞ்சிக் கோட்டைக்கும் ரயில் கிடைக்கும்.

மத்த ஊர்ல எப்படிச் சமாளிக்கறாங்க?

பழனி: மலையைச் சுற்றிய கிரிவலப் பாதை அங்கேயும் உண்டு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவைத் தொடர்ந்து 2024 மார்ச் முதல் அந்தப் பாதையில் தனியார் வாகனங்களுக்குத் தடை. கோயில் நிர்வாகமே கட்டணமில்லா பேட்டரி வாகனங்களை இயக்குகிறது. ஆரம்பத்தில் உள்ளூர் வியாபாரிகள், குடியிருப்பவர்களிடம் எதிர்ப்பு இருந்தது. அது நியாயமான கவலையும்கூட. ஆனால் நடப்பவர்களுக்குப் பாதை திரும்பக் கிடைத்தது. பழனிப் பாதை மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர், அதில் ஒரு பகுதி தேசிய நெடுஞ்சாலை. அப்படியே காப்பி அடிக்க முடியாது. வார இறுதி இரவுகளில், நெடுஞ்சாலை அல்லாத பகுதியில் தொடங்கிப் பார்க்க முடியும்.

திருமலை: மலை ஏற ஒரு சாலை, இறங்க ஒரு சாலை. மேலே இலவசப் பேருந்துகள். எல்லாவற்றுக்கும் மேலாக, டிக்கெட்டிலேயே தரிசன நேரத்தைக் குறித்துக் கொடுத்துக் கூட்டத்தைப் பல நாட்களுக்குப் பிரித்துவிடுகிறார்கள். கிரிவலத்துக்கு அது பொருந்தாது. இதற்குக் கதவும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. நிலவு எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் உதிக்கிறது.

மெக்கா: ஹஜ் பயணிகளுக்காக 2010-இல் திறக்கப்பட்ட சுமார் 18 கிலோமீட்டர் மெட்ரோ, ஹஜ் நாட்களில் மட்டுமே ஓடுகிறது. ஆண்டுக்குச் சில நாட்களுக்காக ஒரு மெட்ரோவா என்று கேட்கலாம். பணக்கார நாடு, கட்டிவிட்டார்கள். இங்கே கேள்வி வேறு. தீபத்தின் 30 லட்சத்துக்காக நிரந்தரமாக எதையும் கட்ட முடியாது. கட்டவும் கூடாது. ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை வரும் பௌர்ணமிக்கும், ஐம்பது முறை வரும் வார இறுதிக்கும் நிரந்தர ஏற்பாடு வேண்டும். தீபத்துக்கு மட்டும் அதன் மேல் தற்காலிக ஏற்பாடு போதும்.

உள்ளூர்க்காரர்களுக்கு என்ன?

கூட்ட நாளைப் பற்றிப் பேசும்போது மறந்துபோவது, மீதி நாட்களில் அங்கே வாழ்பவர்களை. வேங்கிக்காலில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போகிறவர், கல்லூரி மாணவி, ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர் என எல்லோருக்கும் டவுன் பஸ்தான் கால். 2021 முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லை. அதனால் பஸ்ஸின் தேவை கூடியிருக்கிறது. பௌர்ணமி அன்று சாலையைத் திருப்பிவிட்டால் முதலில் தடம் மாறுவது இந்த டவுன் பஸ்தான். ஆம்புலன்ஸுக்கும் பிரசவத்துக்கும் பௌர்ணமி பார்த்து வரத் தெரியாது. பெரிய கூட்டத்துக்கான திட்டத்தில் உள்ளூர் மக்களுக்கென்று ஒரு தனி வழி இருந்தாக வேண்டும்.

இன்னொரு விஷயம் இதைவிடக் கனமானது. கூட்டம் கூடினால் லாட்ஜ் கூடும், நில விலை ஏறும். விலை கட்டுப்படியாகாத குடும்பங்கள் எங்கே போவார்கள்? பல ஊர்களில் நடப்பதுதான் இங்கும். ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு, மலைச்சரிவு. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரக் குடியிருப்பான வ.உ.சி. நகரில் மண்சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த ஆண்டு தீபத்தன்று மலையேற பக்தர்களுக்கு அனுமதி தரப்படவில்லை.

ட்ராஃபிக்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு தோணலாம். எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது, பஸ் எதுவரை போகும் என்பதெல்லாம் ஒரே வரைபடத்தில் முடிவாக வேண்டியவை. ஊருக்குக் கிழக்கே பாதுகாப்பான நிலத்தில் வீடும் அங்கிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்ஸும் கிடைத்தால், வேலை கோயில் பக்கம் என்பதற்காக யாரும் சரிவில் குடியேற வேண்டியிருக்காது. பஸ் போகாத இடத்தில் கட்டிய மாற்று வீட்டுக்கு மக்கள் போகத் தயங்குவது தமிழ்நாடு முழுக்கப் பார்த்த கதைதான்.

இனி எதைக் கவனிக்க வேண்டும்?

மாநகராட்சி என்ற பெயர்ப் பலகை மாறியாச்சு. அடி அண்ணாமலை போன்ற கிரிவலப் பாதை ஊர்களையும் நகரையும் ஒரே கண்ணால் பார்த்துத் திட்டமிட இது வசதி. இனி வரும் அறிவிப்புகளில் நான்கு விஷயங்களைத் தேடிப் பாருங்கள்.

ஒன்று, ஒன்பது சாலைகளில் குறைந்தது முக்கியமான சிலவற்றிலாவது கூரை, கழிப்பறை, குடிநீரோடு நிரந்தரப் பேருந்து நிறுத்துமிடம் வருகிறதா.

இரண்டு, புதிய பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் இடையே நாள் முழுக்க ஓடும் இணைப்பு பஸ் இருக்கிறதா, இல்லை பௌர்ணமிக்கு மட்டும்தானா.

மூன்று, பௌர்ணமி ரயில்களின் நேரம் நடப்பவரின் நேரத்தோடு பொருந்துகிறதா. அதிகாலை 4 மணிக்குக் கிளம்பும் ரயிலோடு 6 மணிக்கும் ஒன்று இருந்தால் எத்தனையோ கார்கள் வீட்டிலேயே நிற்கும்.

நான்கு, மலைச்சரிவில் இருப்பவர்களுக்குத் தரும் மாற்று இடத்துக்கு, சாவி கொடுக்கும் நாளிலேயே பஸ் ரூட் நம்பரும் இருக்கிறதா.

இந்த நான்கில் எதற்கும் மெட்ரோ அளவு பணம் தேவையில்லை. அடுத்த பௌர்ணமிக்கு முன்பே ஆரம்பிக்கக்கூடியவையும் இதில் இருக்கின்றன. ரயில் நேரத்தை மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும்.